செவ்வாய்க்கிழமைக் கொட்டகை

அவருக்கு முதலில் கொடுத்தது விளக்குமாறு.

கச்சேரியில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மணியடித்தால் பியோன் வந்து நிற்கும் மேசையில் காலம் தள்ளியவர். மகளோடு இருக்கலாமென்று யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் சுவரையும் தொலைக்காட்சியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவரை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை மகள் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பையில் பேனா, காலில் செருப்பு. செருப்பைக் கண்டதும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மூடிய சப்பாத்து இல்லாத கால் அங்கே மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது. அன்று ஒரு மணிவரை தேநீர் மூலையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். இனி வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். வியாழக்கிழமை சப்பாத்தோடு வந்தார்.

விளக்குமாற்றை வாங்கிய ஐயாவுக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. தூளைத் தன் பக்கமாக இழுத்துத் தன் சப்பாத்தையே மூடிக்கொண்டார். ரயில்வேக்காரர் தன் வேலையை விட்டுவிட்டு வந்தார். விளக்குமாற்றை வாங்கினார், முன்னால் ஒரு தள்ளு தள்ளினார், திருப்பிக் கொடுத்தார், போய்விட்டார். ஒரு சொல் இல்லை. இந்தக் கொட்டகையில் பாடம் நடப்பது இப்படித்தான்.

இடம், மேற்குச் சிட்னியில் ஒரு புறநகர். ரயில் பாதையோரம் நகரசபையின் பழைய தகரக் கிட்டங்கி. செவ்வாயும் வியாழனும் காலையில் திறக்கும். எனக்கு அங்கே கணக்கெழுதும் வேலை. மூலையில் ஒரு மேசை, ரசீதுப் புத்தகம், பணப்பெட்டி. மரத்தில் நான் கை வைப்பதில்லை. பார்ப்பதற்கு மேசை நல்ல இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

மென்ஸ் ஷெட் என்ற பெயரில் இப்படி ஒரு கொட்டகை முதலில் திறந்தது 1998இல், விக்டோரியா மாநிலத்தின் டொங்காலா என்ற சிற்றூரில். 2007இல் இவற்றுக்கெல்லாம் ஒரு தேசியச் சங்கம் வந்தது. இப்போது ஆஸ்திரேலியாவில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். ஆண்கள் முகத்தைப் பார்த்து மனம் விட்டுப் பேசமாட்டார்கள், தோளோடு தோள் நின்று வேலை செய்தால் பேசுவார்கள் என்பது சங்கம் சொல்லும் தத்துவம். நான் பார்த்தவரை தோளோடு தோள் நின்றும் அவர்கள் பேசுவது திருகாணியைப் பற்றித்தான். மனைவி இறந்த பிறகு தவறாமல் வருகிற ஒருவர் உண்டு. எந்தக் கருவியையும் தொடமாட்டார். கெட்டிலைப் போடுவார், பிஸ்கட் டின்னைத் திறந்து வைப்பார், எல்லோருடைய கோப்பையையும் கழுவுவார். ஏன் வேலை செய்வதில்லை என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. அந்தக் கேளாமைதான் தத்துவத்தைவிடப் பெரிது என்று எனக்குத் தோன்றும்.

ரயில்வேக்காரர் எவ்லி பணிமனையில் பையனாகச் சேர்ந்து ரயில்பெட்டித் தச்சு பழகியவர். அந்தப் பணிமனையின் ஒரு பகுதியில் இப்போது நாடகமும் நடனமும் நடக்கின்றன. அவர் ஒருமுறையும் உள்ளே போய்ப் பார்த்ததில்லையாம். கடைசல் இயந்திரத்தில் நிற்பவர் மால்டாவிலிருந்து சிறுவனாகக் கப்பலில் வந்தவர். இருவருக்கும் முப்பது அடி இடைவெளி, நாளுக்கு இரண்டு சண்டை.

ஐயா கூட்டினார். வாரக்கணக்கில் கூட்டினார். இயந்திரங்களுக்குப் பக்கத்தில் போக அனுமதி இல்லை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனியாகப் பழகிக் கையெழுத்து வாங்கினால்தான் தொடலாம். எனவே மரங்களை அவர் தரையிலிருந்து படித்தார். ஜாரா மரத்தின் தூள் செங்கல் நிறம். ரேடியாட்டா பைன் வெளிர் மஞ்சள், பிசின் வாடை. கேம்ஃபர் லாரலை அறுத்த அன்று கொட்டகை முழுக்கக் கர்ப்பகிருகத்து மணம். அந்த மணத்துக்கு நடுவே ரயில்வேக்காரர் பிளேடைத் திட்டிக்கொண்டிருந்தார். நியூ சௌத் வேல்ஸின் வடக்கே அந்த மரம் களை. வெட்டித் தள்ளுகிறார்கள், வெட்டியதைக் காய்கறிப் பலகையாக்கி விற்கிறார்கள். ஐயா குனிந்து ஒரு பிடி தூளை எடுத்து முகர்ந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சிவப்பு சீடர் தூளை அப்படி முகரப்போனபோது மட்டும் மால்டாக்காரர் ஓடிவந்து கையைத் தட்டிவிட்டார். அது மூச்சிழுப்பைக் கொண்டுவரும் மரம்.

அவருடைய படிப்பு முதலில் பயன்பட்டது தட்டுப்பலகைகளில். சரக்கு இறக்கியபின் கடைக்காரர்கள் தூக்கி எறியும் பேலட்டுகளை மக்கள் காரின் தலையில் கட்டி இனாமாகக் கொண்டுவந்து போடுவார்கள். எல்லாவற்றையும் அறுக்கக்கூடாது. ஓரத்தில் முத்திரை இருக்கும். எச்.டி. என்றால் பூச்சி போகச் சூடேற்றியது, எடுக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, வேண்டாம். பச்சைச் சாயல் ஓடும் பைன், ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியதாக இருக்கலாம். பிள்ளைகள் கைபடும் பொருளுக்கு ஆகாது, எரிக்கவும் கூடாது. முத்திரை பார்த்துக் கோப்பு பிரித்த கண்ணுக்கு இது புது வேலையா? மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஏற்றது, ஏற்காதது என்று இரண்டு அடுக்காக அடுக்கிவிட்டார். ஏற்காத அடுக்கின்மேல் காகிதம் ஒட்டி, காரணம் எழுதி, தேதி போட்டு, கையொப்பமும் இட்டிருந்தார். ரயில்வேக்காரர் அந்தக் கையொப்பத்தை நெடுநேரம் பார்த்தார். அடுத்த முறை வந்தபோது வாளைக் கொடுத்தார். நாம் ரம்பம் என்பது ஐயாவுக்கு வாள்.

வாள் கொடுத்தது கூட்டுப்பெட்டிக்கு. இங்கே பல பறவைகளும் போசம்களும் மரப்பொந்தில்தான் வாழ்கின்றன. இந்த நாட்டில் பொந்தை நம்பிய விலங்கினங்கள் முன்னூறுக்கு மேல். யூகலிப்டஸில் நல்ல பொந்து விழ நூறு வருடமும் அதற்கு மேலும் ஆகும். பழைய மரங்களை வெட்டி வீடு கட்டிவிட்டு, நகரசபை இப்போது கொட்டகையிடம் பெட்டி கேட்கிறது. பெட்டியின் உள்முகப் பலகையில், நுழைவுத் துளைக்குக் கீழே, குறுக்கே வரிவரியாக ஆழமில்லாத வெட்டுகள் போட வேண்டும். குஞ்சு வளர்ந்து வெளியேறும்போது நகத்தால் பற்றி ஏற அதுதான் ஏணி. இழைத்து வழவழப்பாக்கிய பலகை குஞ்சுக்குச் சிறை. புதிதாக வருபவர் எல்லோருக்கும் முதல் அறுப்பு இந்த வரிகள்தான். கோணலாகப் போனாலும் கெடுதல் இல்லாத வேலை. ஐயாவின் வரிகள் கோணலாகப் போகவில்லை. லெட்ஜரில் ரூல் தடி வைத்துக் கோடு போட்ட கை. பென்சிலைச் சீவிய விதத்திலேயே தெரிந்தது. அறுக்கத்தான் வரவில்லை, மூச்சு வாங்கியது. கோடு மட்டும் அப்படி ஒரு கோடு. பிறகு ரயில்வேக்காரரே தன் பலகைகளை அவரிடம் கோடு போடக் கொண்டுவந்து வைத்தார்.

அங்கேதான் அவருக்கு நம்மூர் மைனாவின் புகழ் தெரிந்தது. தோட்டப் பூச்சிகளைத் தின்னட்டும் என்று 1862இல் மெல்பர்னில் கொண்டுவந்து விட்ட பறவை. பூச்சியோடு நிற்காமல் உள்ளூர்க் கிளிகளின் பொந்துகளையும் பிடித்துக்கொண்டது. ஆகவே சில பெட்டிகளில் மைனா தயங்கும்படி துளைக்கு முன்னால் ஒரு தடுப்புப் பலகை. மைனாவைப் பிடிக்கும் கம்பிக்கூண்டும் கொட்டகையில் செய்கிறோம்; என் கணக்குப் புத்தகத்தில் அதற்குத் தனிப்பக்கம், தலைப்பு ‘இந்தியன் மைனா’. தடுப்புப் பலகையை அடித்துக்கொண்டே ஒருவர், இந்த இந்தியர்கள் எங்கே பார்த்தாலும் வந்துவிடுகிறார்கள் என்றார். சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தார். முகம் சிவந்தது. ஐயா தலையைத் தூக்காமல், தான் இலங்கை என்றார்.

வாரக்கடைசியில் பன்னிங்ஸ் கடை வாசலில் சாசேஜ் சுட்டு விற்பது கொட்டகையின் முக்கிய வருமானம். மாட்டிறைச்சியைத் தொடமாட்டேன் என்று ஐயா வெங்காயம் வதக்கும் பக்கம் ஒதுங்கிக்கொண்டார். வெங்காயம் கீழே விழுந்து யாரும் வழுக்கிவிடக்கூடாது, அதைச் சாசேஜுக்கு அடியில்தான் வைக்க வேண்டும் என்று 2018இல் அந்தக் கடை ஒரு விதி போட்டு, நாடே ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசியது. விதி என்று ஒன்று இருப்பதைக் கேட்டதில் ஐயாவுக்குத் திருப்தி. அவர் நின்ற நாளில் ஒரு வெங்காயமும் மேலே போகவில்லை.

உளிக்கு வர ஆறேழு மாதம் ஆயிற்று. கருவிகள் பெரும்பாலும் இறந்தவர்களுடையவை. கணவன் போய் ஒரு வருடம் கழித்து, மகனோடு ஒரு பெண் வருவாள். டிக்கியைத் திறந்தால் ஒரு மரப்பெட்டி இருக்கும். பெட்டிக்குள் ஸ்டான்லி நாலாம் நம்பர் இழைப்புளி, எண்ணெய்த் துணியில் சுற்றிய உளிகள், பாதி தேய்ந்த சாணைக்கல். நான் ரசீது எழுத முயல்வேன், வேண்டாம் என்பாள். ஐயாவுக்குக் கிடைத்த உளியின் கைப்பிடியில் இரண்டு எழுத்துகள் சூட்டுக்கோலால் பொறித்திருந்தன. யாருடையவை என்று தெரியாது. அவர் அதைத் தொட்டு ஒற்றிக்கொண்டார். சரஸ்வதி பூசையில் பேனாவை ஒற்றிக்கொள்ளும் கை.

தீட்டுவது எப்படியென்று ரயில்வேக்காரர் காட்டியதைப் பார்த்தேன். உளியின் முதுகைக் கல்லில் தட்டையாகப் படியவைத்துத் தேய்த்தார். பிறகு திருப்பி, சரிவை 25 பாகையில் பிடித்து இழுத்தார். முதுகுப் பக்கம் பிசிறு எழும்பிவிட்டதா என்று கட்டைவிரலால் குறுக்கே தடவினார். ஐயாவின் கட்டைவிரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். நுனிக்கு மட்டும் 30 பாகையில் இரண்டு இழுப்பு. பிறகு ஒரு பைன் துண்டின் குறுக்குவெட்டு முகத்தில் சீவிக் காட்டினார். மழுங்கிய உளி அந்த இடத்தை நசுக்கும், முகம் வெளுத்துச் சொரசொரவென்று நிற்கும். தீட்டிய உளி பட்ட இடம் மெழுகு பூசினாற்போல் பளபளத்தது. ஐயா சீவினார், நசுங்கியது. கல்லுக்குத் திரும்பினார். சீவினார், நசுங்கியது. தேநீர் மணி அடித்தது, அவர் எழும்பவில்லை. கெட்டில்காரர் கோப்பையைக் கொண்டுவந்து கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். தேநீர் ஆறி ஆடை படிந்தது.

ஒருநாள் அவர் தரையில் குந்தியிருந்தார். வைஸில் பலகையை இறுக்கி நின்றபடி துளை கொத்துவது அவருக்கு ஒத்துவரவில்லை போலும். பலகையைக் கீழே போட்டு, ஒரு பாதத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் உளியையும் கொட்டாப்புளியையும் பிடித்திருந்தார். பாதம் என்றால் சப்பாத்துதான். சப்பாத்துக்கு எங்கே விரல்? பலகை நழுவியது. பாதுகாப்புப் பொறுப்பாளர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். ரயில்வேக்காரர் அவரைக் கையமர்த்திவிட்டு, இதை எங்கே பழகினீர்கள் என்று கேட்டார்.

ஐயாவின் ஆங்கிலம் அரசாங்கக் கடித ஆங்கிலம். அதில் சொன்னார். பழகவில்லை, பார்த்தது மட்டும். வீட்டுக்கு ஓர் ஆசாரி வருவார். முற்றத்து மாமர நிழலில் உட்கார்ந்து காலால் மரத்தைப் பிடிப்பார்; கால்விரல் கைவிரலாக வேலை செய்யும். பையனாக இருந்த தான் பக்கத்தில் இருந்து பார்ப்பதுண்டு. உளியைத் தொட்டால் அம்மா கூப்பிட்டுவிடுவா. படிக்கிற பிள்ளை, அது எங்கள் வேலை இல்லை. வீட்டுக் கதிரைகள் எல்லாம் அந்த ஆசாரி செய்தவை. அவற்றில் ஒன்றிலாவது அவர் இருந்ததைத் தான் பார்த்ததில்லை. கூலி இவ்வளவு என்று அவர் கேட்டதும் இல்லை. அறுவடை முடிந்து அப்பா கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார்.

ஏன் உட்காரவில்லை, என்று கேட்டார் ரயில்வேக்காரர். உண்மையாகவே புரியாமல் கேட்ட கேள்வி.

ஐயா பலகையை எடுத்து வைஸில் வைத்து இறுக்கினார். இறுக்கி முடிந்த பிறகும் கைப்பிடியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார். பதில் வரவில்லை. எனக்குப் பதில் தெரியும். என் ஊரிலும் கதிரைகள் உண்டு. நான் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினேன்.

மேஸ் ஹில் முருகன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை அவரைப் பார்த்தேன். ஊர்க்காரர் ஒருவர், செவ்வாயிலை எங்கை போறியள், வீட்டிலை காணேல்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார். “ஒரு கிளப். சும்மா போய் வாறது” என்றார் ஐயா. விபூதிக்கு நீட்டிய உள்ளங்கையில் காய்ப்பு. நகமொன்று நீலம் பாரித்திருந்தது. நான் அவரைக் கண்டதாக அவரும் காட்டிக்கொள்ளவில்லை, நானும் காட்டிக்கொள்ளவில்லை.

நவம்பர் கடைசியில் மகளோடு மனைவி வந்தார். செருப்பணிந்த கால் மஞ்சள் கோட்டுக்கு இந்தப்புறம் நிற்க, கழுத்தை நீட்டிக் கணவரைத் தேடினார். தலையெல்லாம் தூளாக, காதை மூடிய கருவியோடு, ஒரு மர லாரிக்குச் சக்கரம் பூட்டிக்கொண்டிருந்தார் அவர். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு அம்மா சொன்னது இதுதான்: “இவ்வளவு மரம் கிடக்கு. எனக்கொரு திருவலை செய்து தாருங்கோவன்.”

“கிறிஸ்மஸ் சாமான் முடியட்டும்” என்றார் ஐயா. இருநூறு லாரியும் ரயிலும் ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்குப் போக வேண்டியிருந்தது. வரிசையென்றால் வரிசை, மனைவியானாலும்.

தை பிறந்து கொட்டகை மீண்டும் திறந்ததும், திருவலையின் படத்தை வரைந்துகொண்டு வந்தார். பலகை இருக்கை, முன்னால் நீண்ட கழுத்து, கழுத்தின் நுனியில் பல்லுவைத்த இரும்பு. இதில் யார் உட்காருவது, இது எதைக் கொல்லும் கருவி என்று மால்டாக்காரர் கேட்டார். உயரம் எவ்வளவு என்ற கேள்விக்கு ஐயா கட்டையை நிறுத்தி வைத்து ஒரு சாண் போட்டார். ரயில்வேக்காரர் அந்தச் சாணுக்குப் பக்கத்தில் எஃகு அளவுகோலை வைத்துப் படித்து, கட்டையின்மேலேயே எழுதினார்.

முதலில் செய்தது பைனில். தேநீர் மூலையில் ஒரு தேங்காயை உடைத்து ஐயா உட்கார்ந்து திருவினார். திருவுகிற வேகத்துக்குத் திருவலை முன்னால் முன்னால் நடந்துபோய்ப் பிஸ்கட் மேசையை முட்டியது. மரத்துக்குக் கனம் காணாது. இரண்டாவதை ஸ்பாட்டட் கம்மில் செய்தார்கள். உளியைத் திருப்பித் தள்ளும் மரம்; ஒரு துளை கொத்த ஒரு காலை போயிற்று. கால்களின் நாக்கை இருக்கைக்கு ஊடாக மேலே எடுத்து, பிளந்து, ஆப்பு அடித்து இறுக்கினார்கள். அப்படி அடிப்பது ரயில்பெட்டி வேலையில் வழக்கம் என்றார் ரயில்வேக்காரர். அந்த ஆசாரியும் அப்படித்தான் அடிப்பார் என்றார் ஐயா. இரும்பு டூன்காபி மளிகைக்கடையில் கிடைத்தது.

மால்டாக்காரர் ஏறி உட்கார்ந்து அரைத்தேங்காயைத் திருவி, திருவியதைக் கையால் அள்ளித் தின்றுகொண்டே, இது விற்கும் என்றார். நகரசபைச் சந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. எட்டு செய்வதென்று முடிவாயிற்று. இப்போது ஐயா இருக்கும் இடத்தில் இருந்துகொண்டு, முடிந்ததையெல்லாம் சிமெந்துத் தரையில் வைத்து ஒவ்வொரு மூலையாக அழுத்திப் பார்க்கிறார். போன செவ்வாய் ஒன்று ஆடியது. ரயில்வேக்காரர் செய்தது. “ஆடுகிறது, கழற்றுங்கள்” என்றார் கடித ஆங்கிலத்தில். ரயில்வேக்காரர் அழுத்திப் பார்த்தார், ஆடவில்லை என்றார். ஐயா காலுக்கடியில் ஒரு காகிதத்தைச் செருகினார், காகிதம் உள்ளே போயிற்று. கழற்றினார்கள்.

விலை போடும் வேலை என் மேசைக்கு வந்தது. மரம் இனாம், இரும்பு பதினைந்து டொலர். நாற்பது போதும் என்றார் மால்டாக்காரர். சந்தையில் யாரும் கனவிலும் காணாத சாமான், நாற்பதுக்கு மேல் போனால் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ரயில்வேக்காரர் தோளைக் குலுக்கினார். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

“அறுபது எண்டு எழுதுங்கோ தம்பி. ஆசாரிக்குக் கூலி வேண்டாமே?”

எழுதினேன். மால்டாக்காரர் இன்னும் நாற்பதிலேயே நிற்கிறார்.